மைனஸ் மூன்று

சிதம்பரம்
14.1.2006

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரூமானா எழுதுகிறேன். இங்கே நானும் மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தம்மாமில் குளிர் ஜாஸ்தி என்று மாமியிடம் ஃபோனில் சொன்னீர்களாம். கம்பளி வாங்கிக்கொண்டீர்களா?

வெள்ளிக்கிழமை உங்கள் ஃபோன் வரும் நேரம் பார்த்துக் கூடத்தில் யாராவது வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாமி பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுக்கும்போது உங்கள் கார்டில் ஒரு நிமிடம் மிச்சமிருக்கும். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன்." அதோடு கட்டாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம் எழுதத் தோன்றியது.

கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. ஒரு படத்தில்கூட நீங்கள் சிரிக்கவில்லை. நிக்காஹ் முடிந்து இருபத்தாறு நாள் இங்கே இருந்தீர்கள். நீங்கள் சிரிக்கும் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிரித்த மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இந்த வீடு எனக்குப் பழகிவிட்டது. கவலைப்படாதீர்கள். வருகிற டிசம்பர் லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
ரூமானா


கடலூர் ஓ.டி.
27.1.2006

அன்பு மகள் ரூமானாவுக்கு,

அத்தா அப்துல் வதூது துஆவுடன் எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. கயிற்றுக்கடை வழக்கம்போல நடக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. கண்ணாடியை பீரோவில் துணிக்கு அடியில்தானே வைத்திருக்கிறாய்? உன் மாமியார் அசந்த நேரம் பார்த்துப் போட்டுக்கொள், மற்ற நேரம் வேண்டாம். அந்த சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு பெண் பார்க்க வந்த மூன்று இடத்தார் எழுந்து போனதை நீ மறந்திருக்க மாட்டாய். பெண் பார்க்க வந்தபோதும் நிக்காஹ் அன்றும் அதைக் கழற்றி வைக்கச் சொன்னது அதனால்தான். லென்ஸும் உன் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் வேறு என்ன செய்வேன்?

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைக்கிறார்கள். பத்து நிமிட வேலைதானாம், அப்புறம் ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாமாம். நம் கடைக்கு வரும் சுப்பராயலுவின் மகள் செய்துகொண்டு இப்போது ஸ்கூட்டி ஓட்டுகிறாள். மாப்பிள்ளை டிசம்பரில் வருவதற்குள் முடித்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் இங்கே வா.

அல்லாஹ் லேசாக்கி வைப்பான்.

அத்தா


தம்மாம்
16.2.2006

ரூமானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. நான் நலம். அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீரும் முன் வாங்கி வைக்கவும்.

படம் எடுக்க நேரம் இல்லை. எங்கள் ஸ்டோரில் இப்போது ஸ்டாக் எடுக்கும் வேலை நடக்கிறது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் கேம்ப்புக்குத் திரும்ப இருட்டிவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இந்தக் கல்யாணத்தில் உனக்கு விருப்பம் இருந்ததா? உன் அத்தா சொன்னதற்காகச் சரி என்றாயா? எதுவாக இருந்தாலும் எழுது. நான் கோபப்பட மாட்டேன்.

இம்தியாஸ்


சிதம்பரம்
5.4.2006

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நீங்களும் அம்மாவும் சுகமா? நான் சுகம். வீட்டில் ஒன்று நடந்துவிட்டது, பதறாதீர்கள்.

போன திங்கட்கிழமை நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அடுப்படி அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் என் கண்ணாடி இருக்கிறது. மாமி அம்மியருகே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போட்டுக்கிட்டு சமையல் பண்ணு புள்ள. மூணு மாசமா பருப்புல கல்லு கடிக்குது" என்றார்கள்.

நான் அழுதுவிட்டேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நீ வந்த மறுநாளே தெரியும். கொடியில காயிற என் பொடவையப் பாத்து 'வாங்க மாமி'ன்னு கூப்பிட்டியே. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்ற வழியக் காணும். கையச் சுட்டுக்கப் போறியேன்னுதான் இன்னைக்கி எடுத்து வெச்சேன்."

"மச்சான்கிட்ட சொல்லிட்டீங்களா மாமி?"

"நான் ஏன் சொல்றேன்? ஒன் புருசன், ஒன் கண்ணு. நீதான் சொல்லணும்."

இப்போது நான் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அத்தா. மொட்டைமாடியிலிருந்து கோயில் கோபுரத்தில் புறா உட்காருவது வரை தெரிகிறது. ஆனால் மச்சானுக்கு இன்னும் எழுதவில்லை. விருப்பம் இருந்ததா என்று கேட்டிருந்தார். 'இருந்தது' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். உண்மையை மறைத்துக்கொண்டு அதற்கு மேல் என்ன எழுதுவது?

லேசருக்குச் சோதனை பார்க்க வருகிறேன். மாமியும் கூட வருவதாகச் சொல்கிறார்கள். அது முடிந்து கண் சரியாகிவிட்டால், மச்சானுக்கு எழுதவே வேண்டியதில்லை அல்லவா? அப்படித்தான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
ரூமானா


தம்மாம்
22.5.2006

ரூமானாவுக்கு,

ஸலாம். உன் ஒரு வரிக் கடிதம் கிடைத்தது. நான் நலம்.

கம்பெனிக்குப் பாலைவனத்தில் ஒரு புது சைட் கிடைத்திருக்கிறது. தம்மாமிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். இரண்டு வருஷம் லீவு இல்லாமல் அங்கே இருக்கச் சம்மதிக்கிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். போட்டுவிட்டேன். ஜூன் முதல் தேதி போகிறேன். டிசம்பரில் வர மாட்டேன்.

அங்கே ஃபோன் வசதி குறைவு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ உன் அத்தா வீட்டில் போய் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இருந்துகொள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இம்தியாஸ்


சிதம்பரம்
19.6.2006

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புது இடத்தில் சாப்பாடு, தண்ணீர் எப்படி? வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறதா? நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். இரண்டு வருஷம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? என்மேல் என்ன குறை கண்டீர்கள் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். கண்டிருந்தால் அது ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கண் பார்வை குறைவு. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்பது. எட்டு வயதிலிருந்து தடிமனான கண்ணாடி. கண்ணாடி இல்லாவிட்டால் என் உள்ளங்கையைக்கூட மூக்கருகே கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு அப்பால் எல்லாம் தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி இருக்கும். இதை உங்களிடம் மறைத்தோம். அத்தா சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் இருபத்தாறு நாளில் நானாவது சொல்லியிருக்கலாம். பயந்தேன்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஏறியது தெரியும். எந்த ஜன்னல் என்று தெரியவில்லை. நீலச் சட்டை மாதிரி ஒன்று தெரிந்த ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று ரொம்ப நேரம் சிரித்தேன். அப்புறம் மாமி, "பஸ் போயிடுச்சி, வா புள்ள" என்று தோளைத் தொட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த பஸ் அங்கேயே நின்றது. உங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமலே அனுப்பிவிட்டேன். ஆறு மாதமாக என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது இதுதான்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். நீங்கள் வருவதற்குள் லேசர் வைத்துக்கொண்டு, எதுவுமே இல்லாதது போல் நிற்கலாம் என்று இருந்தோம். மே மாதம் மாமியோடு புதுச்சேரிக்குப் போனேன். கண்ணில் மருந்து விட்டு மூன்று மணி நேரம் ஒவ்வொரு மெஷினாக உட்கார வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசினார்.

"லேசர் வெச்சா எல்லாருக்கும் ஒரே ரிசல்ட் வராதும்மா. மைனஸ் மூணு, நாலு இருக்கறவங்க லேசருக்கு அப்புறம் பெரும்பாலும் கண்ணாடி இல்லாமலே சமாளிச்சிடுவாங்க. உங்களுக்கு ஒம்போது, கருவிழி வேற மெலிசு. பவரை எறக்கறதுக்கு கருவிழியத்தான் செதுக்கணும். முழுசும் எடுத்தா அது தாங்காது. ஆறு எடுக்கலாம். மூணு நிக்கும்."

"அப்பக் கண்ணாடி போடணுமா?"

"போடணும். ஆனா மெல்லிசா, சாதாரணக் கண்ணாடி. இதயும் முன்னாடியே சொல்லிடறேன், சில மாசம் கண்ணு வறண்டு போவும், சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும். பொழுது சாஞ்சா வெளக்கச் சுத்தி வளையம் தெரியும். சிலபேருக்கு அது முழுசாப் போறதும் இல்ல. நாப்பது வயசுக்கு மேல படிக்கறதுக்கு சிரமம் எல்லாருக்கும் வரும், லேசர் அதத் தடுக்காது. இதெல்லாம் சரின்னாதான் பண்ணிக்கணும்."

மாமி விடவில்லை. "ஒரு மூணுதானே டாக்டரம்மா, கொஞ்சம் பாத்து எடுத்துடுங்களேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கண்ணாடியத் தொலைக்கணும்னு கண்ணத் தொலைக்கக் கூடாதும்மா" என்றார். ஒரு வருஷமாகப் பவர் மாறாமல் இருந்தால்தான் லேசர் வைப்பார்களாம். என் பழைய சீட்டில் ஆறு மாதக் கணக்குதான் இருந்தது. இன்னும் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கடலூர் தாண்டும்வரை அழுதேன். லேசர் வைத்தாலும் நான் கண்ணாடிக்காரிதான். இனி மறைக்க வழியில்லை. அப்படியே ஒரு வழி இருந்திருந்தாலும் எனக்கு அது வேண்டாம் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

நீங்கள் என்ன முடிவு செய்தாலும் எனக்கே எழுதுங்கள். மாமி மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

ரூமானா


சிதம்பரம்
4.9.2006

மச்சானுக்கு,

ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது?

கடிதம் எழுதி இரண்டரை மாதம் ஆகிவிட்டது. தபால்காரர் கொளஞ்சியப்பன் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். கண்ணாடி போட்டிருப்பதால் அதுவும் எனக்குத் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை மாமியிடம் பேசினீர்கள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. நான் அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

ரூமானா


சைட் கேம்ப்
29.9.2006

அன்புள்ள ரூமானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம். நோன்பு ஆரம்பித்துவிட்டது. அம்மா சர்க்கரையோடு நோன்பு பிடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன்னுடைய ஜூன் மாதக் கடிதம் தம்மாம் கேம்ப்பிலேயே கிடந்திருக்கிறது. நேற்று முன்தினம் லாரியில் வந்த அந்தோணிசாமி இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் சின்னதைப் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பெரியதைப் படித்தேன்.

அன்றைக்கு நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினேன். பஸ் திரும்பும்வரை ஆட்டினேன். நீ பக்கத்து பஸ்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் போவதில் உனக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னும் அப்படித்தான். நான் கூப்பிட்டால் என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பாய். நான் உள்ளே வந்தால் யார் என்று கேட்பாய். கட்டாயத்துக்கு வந்த பெண் என்று முடிவே செய்துவிட்டேன். இரண்டு வருஷம் நான் கண்ணில் படாமல் இருந்தால் நீ உன் மனதை யோசித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்றுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கண்ணை மறைத்தாய், நான் இதை மறைத்தேன்.

நேற்று ஆபீஸில் போய்க் கேட்டுப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்கிறார்கள். 2008 ஜூன் வரை விட மாட்டார்கள். நடுவில் கொஞ்ச நாளாவது கிடைக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

உன் அத்தாமேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகக் கொஞ்ச நாளாகும். உன்மேல் இல்லை.

லேசர் உன் இஷ்டம். எனக்காக வைக்க வேண்டாம். கண்ணாடி போட்டபடி ஒரு படம் எடுத்து உடனே அனுப்பு. நான் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சிரிக்கத்தான் முயற்சி செய்தேன்.

உன்
இம்தியாஸ்


சிதம்பரம்
20.2.2007

என் அன்பு மச்சானுக்கு,

ஸலாம். நலம்தானே? மாமி சுகம். அத்தா உங்களுக்கு எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போட்டதாகச் சொல்லி அழுதார்.

ஜனவரி 18ஆம் தேதி லேசர் வைத்துக்கொண்டேன். பவர் மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் சரி என்றார்கள். உங்களுக்காக இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியைக் கையால் துழாவாமல் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பதினைந்து வருஷமாக ஆசை.

முழித்தபடியே படுத்திருக்க வேண்டும். கண்ணில் ஏதோ வைத்து அழுத்தினார்கள். சில நொடி ஒரேயடியாக இருட்டு. அப்போது நான் நினைத்தது உங்களைத்தான். அப்புறம் ஒரு சிவப்பு வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுகிற மாதிரி வாசனை வந்தது. பத்து நிமிடத்தில் இரண்டு கண்ணும் முடிந்துவிட்டது. அத்தா சொன்னதில் அந்தப் பத்து நிமிடம் மட்டும் சரி.

ஒரு வாரம் முகத்தில் தண்ணீர் படக்கூடாது. தொழுகைக்கு முன் ஒளு செய்ய முடியாதே என்றதும் மாமி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டு, சுத்தமான மண்ணைத் தட்டில் கொண்டுவந்து, தண்ணீருக்குப் பதிலாக அதைத் தொட்டுத் தயம்மும் செய்ய வைத்தார்கள். கண்ணை மறந்தும் கசக்கிவிடாதபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மாதச் சோதனையில் வலது கண் மைனஸ் மூன்று, இடது மூன்றே கால். டாக்டரம்மா சொன்ன இடத்தில் வந்து நின்றுவிட்டது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. பொழுது சாய்ந்து மக்ரிப் நேரத்தில் தெரு விளக்கு ஒவ்வொன்றும் பூசணிப்பூ மாதிரி விரிந்து தெரிகிறது. புதுக் கண்ணாடி மெலிசாக இருக்கிறது. கழற்றினால்கூட எதிரில் உட்கார்ந்திருப்பது மாமி என்று தெரிகிறது. முகத்தில் கோபமா சிரிப்பா என்றுதான் தெரியவில்லை. மாமிக்கு எப்போதும் இரண்டும் ஒன்றுதான்.

எல்லாரையும் பார்க்கிறேன் மச்சான். உங்களைத்தான் பார்க்க முடியவில்லை.

ரூமானா


சைட் கேம்ப்
2.8.2007

அன்பு ரூமானா,

ஸலாம். நலம். அம்மாவுக்கு ஸலாம் சொல்.

நவம்பரில் பதினெட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். போக வர இரண்டு நாள். மிச்சம் பதினாறு. அப்புறம் திரும்பி வந்து ஜூன் வரை இருக்க வேண்டும். யாருக்கும் சொல்லாதே. வீட்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டால் பதினாறும் போய்விடும்.

உன் படம் என் டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறது. அந்தோணிசாமி பார்த்துவிட்டு, "டீச்சரம்மாவா?" என்று கேட்டார்.

இம்தியாஸ்


சிதம்பரம்
11.12.2007

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? சளி குறைந்ததா? மாமி கொடுத்த கருவாட்டை அந்தோணிசாமிக்கும் கொடுங்கள்.

பதினாறு நாளும், "ஏன் இப்படிப் பாக்குற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். "இப்பத்தானே பாக்கறேன்" என்றேன். நீங்கள் அதை விளையாட்டு என்று நினைத்தீர்கள். நடக்கும்போது உங்கள் இடது கால் கொஞ்சம் வெளியே போகிறது. மாமி திட்டும்போது காதுக்குப் பின்னால் சொறிந்துகொள்கிறீர்கள். சிரிப்பு வருவதற்கு முன்னால் உங்கள் முகம் ஒருதரம் இறுகுகிறது, அதனால்தான் எந்தப் படத்திலும் சிரிப்பு விழவில்லை. இவற்றில் எதுவுமே எனக்கு முன்னால் தெரியாது.

டாக்டரம்மா என்னென்ன வரும் என்று அத்தனையும் சொன்னார். கண் வறளும் என்றார், வளையம் தெரியும் என்றார். எல்லாம் வந்தது, பாதி போய்விட்டது. இதை மட்டும் சொல்லவில்லை. போன தடவை நீங்கள் போனபோது எனக்கு ஒரு குரல்தான் போயிற்று. அதையே தாங்க முடியவில்லை. இப்போது நீங்கள் முழுதாகப் போயிருக்கிறீர்கள். முற்றத்தைப் பார்த்தால் நீங்கள் அதைக் கடந்து வந்த விதம் தெரிகிறது.

கதவுக்குப் பின்னால் கொக்கியில் உங்கள் வெள்ளைச் சட்டை தொங்குகிறது. போன தடவையும் ஒன்றை விட்டுவிட்டுப் போனீர்கள். அப்போதெல்லாம் விடியற்காலை பஜ்ருக்கு விழித்துப் பார்த்தால், வெள்ளையாக ஒன்று கதவோரம் நிற்கும். அது சட்டை என்று தெரிந்தும், நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு நொடி எனக்கு தினமும் கிடைத்தது. இப்போது கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே அது சட்டை என்று தெரிந்துவிடுகிறது. போட்டுக்கொண்டால் காலர் தெரிகிறது, மூன்றாவது பொத்தான் இல்லாதது தெரிகிறது.

"அழுக்காக் கெடக்கே, தொவச்சி மடிச்சி வெச்சிடட்டுமா புள்ள?" என்று இன்று காலை மாமி கேட்டார்கள்.

வேண்டாம் மாமி, அங்கேயே கிடக்கட்டும் என்றேன்.

ஜூனுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்களைப் பார்க்கக் காத்திருக்கும்
ரூமானா